அயாஹுவாஸ்காவும் அத்தானோட பி.பி. மாத்திரையும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. மார்ச் கணக்கு முடிப்பு, அதுக்குப் பின்னாடியே ஆடிட், நடுவுல பொண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைன்னு மூச்சு விட நேரமில்லை. இன்னைக்கு உக்காந்து எழுதக் காரணம் கோபம்தான். யார் மேலன்னு படிச்சுட்டே வாங்க, தெரிஞ்சுரும்.

டெக்சாஸ்ல இருக்கற என் மச்சினன் (வீட்டம்மாவோட தம்பி, சாஃப்ட்வேர்) இந்த லீவுக்கு எங்க எல்லாரையும் அங்க வரச் சொல்லியிருந்தான். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி எனக்கு மட்டும் தனியா ஒரு போன்.

"அத்தான், அக்காவும் புள்ளைங்களும் இங்க இருக்கட்டும். நாம ரெண்டு பேரும் பத்து நாள் பெரு போயிட்டு வந்துருவோம். அமேசான் காட்டுல ஒரு மூலிகைச் சடங்கு. உங்களுக்கு இருக்கற அந்தப் படபடப்பு இருக்குல்ல, அது அங்கேயே போயிரும்."

அந்தப் படபடப்பைப் பத்திச் சொல்லிடறேன். கோவில்பட்டிக்காரன், பி.காம்., பொதுத்துறை வங்கி, இப்போ ராய்ப்பூர். மேனேஜரா ஒரு கிளையை எடுத்த வருஷம் வாராக்கடன் தலைக்கு மேல போச்சு. ஊர்ல அப்பா அம்மா தனியா. ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடிச்சா ஊர்லேர்ந்துதான்னு நெஞ்சு அடைக்கும். அடிக்கலைன்னாலும் ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும். ஒரு ஹோலிக்குப் பக்கத்து வீட்ல தண்டாய்னு குடுத்ததை மோர் மாதிரி மடக்மடக்னு குடிச்சேன், உள்ள பாங் கலந்திருக்குன்னு தெரியாம. அன்னைக்கு நாலு மணி நேரம் நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டேன். ஈ.சி.ஜி. எடுத்துட்டு, இதயத்துல ஒண்ணுமில்லை, மனநல டாக்டரைப் பாருங்கன்னாங்க. அப்புறம்தான் எஸ்சிடலோப்ராம். மூணு வருஷமாச்சு. கேட்குது. ஆனா மாமியார் வந்தா அந்த அட்டை விட்டமின் டப்பாவுக்குள்ள போயிரும். கேட்டா "அவருக்கு பி.பி. மாத்திரை". வீட்டம்மா கண்ணு சிமிட்டாம சொல்லுவா.

மச்சினனுக்குக்கூட 'டென்ஷன்' வரைக்கும்தான் தெரியும், மாத்திரை தெரியாது. அதனால அவன் கூப்பிட்டதும் நான் சிரிக்கலை. போகலாமான்னு நிஜமாவே மூணு வாரம் யோசிச்சேன். வாழ்க்கை பூரா மாத்திரை போடணுமோன்னு பயப்படற ஆளுகிட்ட 'ஒரே வாரம்'னு சொன்னா, எந்த காமர்ஸ் பட்டதாரியும் கணக்கை மறந்துருவான். அந்த மூணு வாரத்துல படிச்சதைச் சொல்றேன்.

அயாஹுவாஸ்கா கெச்சுவா மொழிச் சொல். ஆவிகளோட கயிறுன்னு பொருள் சொல்றாங்க. ஒரு காட்டுக் கொடியையும் சாக்ருனாங்கற செடியோட இலையையும் மணிக்கணக்கா கொதிக்க வைப்பாங்க. இலையில இருக்கறது டி.எம்.டி. அதைத் தனியா முழுங்கினா நம்ம குடல்லயும் ஈரல்லயும் இருக்கற ஒரு என்சைம் உடைச்சுப் போட்டுரும், ஒண்ணும் ஆகாது. கொடியில இருக்கற ஹார்மின், ஹார்மலைன் அந்த என்சைமைத் தடுத்து நிறுத்துது. அப்புறம்தான் காட்சி, அழுகை, வாந்தி எல்லாம், நாலு மணியிலேர்ந்து ஆறு மணி நேரத்துக்கு. வாந்தியை அவங்க சுத்திகரிப்புன்னே சொல்றாங்க. இருட்டுல வைத்தியர் 'இகாரோ'ங்கற பாட்டைப் பாடிட்டே நடத்துவார். உக்கயாலி ஆத்தோரத்து ஷிபிபோ மக்கள் இதுல பேர் பெற்றவங்க. 2008ல பெரு அரசாங்கமே அமேசான் பழங்குடிகளோட அயாஹுவாஸ்கா அறிவைத் தேசத்தின் பண்பாட்டுச் சொத்துன்னு அறிவிச்சிருக்கு. இந்த வித்தையைக் கேலி பண்ற தைரியம் எனக்கு இல்லை. ரெண்டு செடியில ஒண்ணு இல்லாம இன்னொண்ணு வேலை செய்யாதுன்னு அந்தக் காட்டுல கண்டுபிடிச்சவங்க நம்மைவிடக் கெட்டிக்காரங்க.

என் சண்டை அவங்களோட இல்லை. 'பாரம்பரியம், இயற்கை, அதனால பயமில்லை'ன்னு பேசறவங்களோடதான்.

நம்மகிட்ட வந்து இதைச் சொல்லலாமா? அரளி விதை இயற்கைதான். நம்ம கிராமங்கள்ல அதை எதுக்கு அரைச்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். சேராங்கொட்டை மருந்துதான், ஆனா சுத்தி பண்ணாம எந்த சித்த வைத்தியரும் தொடமாட்டார். பத்தியம்னு ஒண்ணு இருக்கு. பாட்டி காலத்துல மருந்தைவிடப் பத்தியம் பெருசு. ஷிபிபோக்காரங்ககிட்டயும் அதேதான், 'டியேத்தா'ன்னு பேரு. உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது, பன்றிக்கறி கிடையாது, சாராயம் கிடையாது, தாம்பத்யம் கிடையாது. பழைய முறையில பல இடங்கள்ல கஷாயத்தைக் குடிக்கறது வைத்தியர்தான், நோயாளி இல்லை. நோய் எங்கேர்ந்து வந்துச்சு, எவன் ஏவிவிட்டான்னு வைத்தியர் உள்ள போய்ப் பார்த்துட்டு வருவார். அந்த ஊர்ல பொறந்த, அந்த மொழி பேசற, அந்த நோயாளியோட தாத்தாவைத் தெரிஞ்ச வைத்தியர்.

இப்ப இக்கிட்டோஸ்ல விக்கறது என்ன? ரோடே போகாத ஊரு, விமானத்துலயோ படகுலயோதான் போகமுடியும். அங்க வந்து இறங்கற வெளிநாட்டுக்காரனுக்கு ஏழு நாள் பேக்கேஜ், யோகாவோட, வைஃபையோட. ஒரே கூடாரத்துல இருவது பேருக்குக் கோப்பை. என்னோட வாராக்கடனையும் ரெண்டு மணிப் போனையும் அந்த வைத்தியர் எந்த மொழியில புரிஞ்சுப்பார்? பாரம்பரியத்துல இருந்த கட்டுப்பாட்டை எல்லாம் கழட்டி வெச்சுட்டுக் கஷாயத்தை மட்டும் வித்தா, வங்கி பாஷையில அதுக்குப் பேரு 'மிஸ் செல்லிங்'. பிக்சட் டெபாசிட் போட வந்த பெரியவர்கிட்ட இன்சூரன்சைத் தள்ளி விடறோமே, அது மாதிரி (நாங்க பண்ற பாவத்தையும் ஒத்துக்கறேன்).

இந்தக் கூட்டத்தால அந்த ஊர்க்காரங்களுக்கு என்ன ஆச்சுன்னும் பாருங்க. மெக்சிகோவுல ஊவாவுத்லாங்கற மலைக் கிராமத்துல மரியா சபீனான்னு ஒரு மசாதெக் அம்மா. நோயாளிக்காக ராத்திரி முழுக்கக் காளான் பூசை நடத்தினவங்க. 1955ல கோர்டன் வாஸன்னு ஒரு அமெரிக்க பேங்கர் (எங்க இனம்தான்!) போய்க் கலந்துக்கிட்டு 1957ல 'லைஃப்' பத்திரிகையில எழுதினார். பேரை மாத்தித்தான் எழுதினார், ஆனாலும் கூட்டம் கண்டுபிடிச்சு ஊருக்குள்ள குவிஞ்சுது. அந்த அம்மாவோட வீட்டைக் கொளுத்துனாங்க. வெளியாட்கள் வந்தப்புறம் காளானோட சக்தியே போயிருச்சுன்னு புலம்பிக்கிட்டே 1985ல செத்துப் போனாங்க. பெருவுல 2018 ஏப்ரல்ல ஒலிவியா அரேவாலோங்கற 81 வயசு ஷிபிபோ வைத்தியர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அயாஹுவாஸ்கா கத்துக்க வந்த ஒரு கனடாக்காரர்தான் கொன்னார்னு சொல்லி ஊர்க்காரங்க அவரை அடிச்சே கொன்னுட்டாங்க. நாம் நிம்மதி தேடிப் போற இடத்துல அவங்க நிம்மதி போகுது. கொடைக்கானல் மலைக் கிராமங்கள்ல காளான் தேடி வர்ற கூட்டத்தைப் பார்த்தவங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, பலனே இல்லையான்னா, அப்படியும் சொல்லமாட்டேன். பிரேசில்ல நட்டால் நகரத்துல எந்த மருந்துக்கும் கேட்காத மனச்சோர்வு உள்ள 29 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2019ல வெளியிட்டாங்க. அயாஹுவாஸ்கா குடிச்சவங்கள்ல ஒரு வாரத்துல தெளிவான முன்னேற்றம் தெரிஞ்சுது. ஆஸ்திரேலியாவுல 2023 ஜூலையிலேர்ந்து, மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு சைலோசைபின் எழுத அனுமதி வாங்கின மனநல டாக்டர்கள் இருக்காங்க. ஆனா கவனிங்க. ஆஸ்பத்திரி, டாக்டர், அளவு, பரம்பரையில யாருக்காவது மனச்சிதைவு உண்டான்னு முன்கூட்டி விசாரணை. அதுவும் சோர்வுக்கு, என்னை மாதிரி பதற்றக்காரனுக்கு இல்லை. 29 பேரை வெச்சு ஒரு ஸ்கீம் கொண்டு வந்தா எங்க ஹெட் ஆபீஸ் கையெழுத்துப் போடாது. இன்னொரு பக்கம், 2025 ஜனவரியில பெருவுல இருக்கற அமெரிக்கத் தூதரகமே இதைக் குடிக்காதீங்கன்னு எச்சரிக்கை விட்டுச்சு. 2024ல மட்டும் அவங்க நாட்டுக்காரங்க பலர் இதைக் குடிச்சுட்டுச் செத்திருக்காங்க, இல்லை மோசமா படுத்திருக்காங்கன்னு அதுல இருந்தது.

இந்த நிலைமையில மச்சினன் ஒரு விண்ணப்பப் படிவத்தை அனுப்பினான். அந்த முகாம்காரங்க அனுப்பினது. அஞ்சாவது கேள்வி: மனநல மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா? அப்பத்தான் அவன்கிட்ட முதல் முறையா மாத்திரை பேரைச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்:

"இல்லைன்னு போட்டுருங்க அத்தான். நானும் அப்படித்தான் போட்டிருக்கேன்."

அவனும் அதே மாத்திரை. ரெண்டு வருஷமா. எனக்கு 10 மில்லிகிராம், அவனுக்கு 20. எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெச்ச பொம்பளைக்கு (அவன் அக்கா, என் மனைவி) தெரியாது. அவங்க அம்மாவுக்குத் தெரியாது. இதுல, சடங்குக்குத் தயாராகறேன்னு அவனா மூணு நாளைக்கு முன்னாடி மாத்திரையை நிறுத்திட்டான். "மண்டைக்குள்ள ஷாக் அடிக்கற மாதிரி இருக்கு, ஜெட் லாக் மாதிரிதான், சரியாயிரும்"ங்கறான்.

மறுநாள் பெர்மிஷன் போட்டுட்டு என் டாக்டர்கிட்ட ஓடினேன். அவர் சொன்னது: நம்ம மாத்திரை மூளையில செரட்டோனினை ஏத்தி வெக்குது. அந்தக் கொடி, செரட்டோனினை உடைக்கற அதே என்சைமைத் தடுக்குது. ரெண்டும் ஒரே உடம்புல சேர்ந்தா காய்ச்சல் கொதிக்கும், உடம்பு விறைக்கும், வெட்டி இழுக்கும், இதயம் தறிகெட்டு ஓடும், உயிரும் போகலாம். என்சைமைத் தடுக்கற மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி எஸ்சிடலோப்ராம் உடம்பை விட்டுப் போக ரெண்டு வாரம் விடுவாங்க. ஃப்ளுவாக்ஸெட்டினா இருந்தா அஞ்சு வாரம். அதுவும் டாக்டர் படிப்படியா குறைச்சு நிறுத்தணும். பட்டுனு நிறுத்தினா பழைய பதற்றம் ரெட்டிப்பா திரும்பி வரலாம். அந்தக் கோலத்துல காட்டுக்குள்ள ஆஸ்பத்திரியிலேர்ந்து படகு தூரத்துல உக்காந்து கஷாயம் குடிக்கப் போறான் என் மச்சினன். அஞ்சாவது கேள்விக்கு 'இல்லை'ன்னு பதில் எழுதிட்டு.

இப்ப புரியுதா என் கோபம் யார் மேலன்னு? முகாம்காரன் கேள்வியாவது கேட்டான். பொய் எழுதினது நம்ம வீட்டுப் புள்ளை. அந்தப் பொய்யை அவனுக்குக் கத்துக் குடுத்தது விட்டமின் டப்பா. சர்க்கரை மாத்திரையை டைனிங் டேபிள் நடுவுல ஊறுகாய் பாட்டிலோட வெப்போம். இதை மட்டும் பீரோவுக்குள்ள. பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கா, ஜாதகம் கேட்டு வர்றவங்க காதுல விழுந்தா என்ன ஆகும்? வெளியூர்ல இருக்கற தமிழ்க் குடும்பங்கள்ல இது இன்னும் ஜாஸ்தி. சங்கத்துப் பொங்கல் விழாவுல எல்லாரும் நல்லா இருக்கோம்னு காட்டணுமே. உள்ளூர் சைக்யாட்ரிஸ்ட் வாசல்ல யாராவது பார்த்துருவாங்கன்னு பயந்து, பாதி உலகம் தாண்டி யாருமே பார்க்காத காட்டுக்குப் போறோம். 'ஆன்மீகப் பயணம்'னு சொன்னா கௌரவம், 'ட்ரீட்மென்ட்'னு சொன்னா அசிங்கம். அந்தக் கஷாயத்துல இருக்கற டி.எம்.டி. 1985 போதைப்பொருள் சட்டத்துல நம்ம நாட்டுல தடை செய்யப்பட்ட பொருள். அது தெரிஞ்சும் அதுக்கு வர்ற வெட்கம் குறைவு, சீட்டு எழுதி மெடிக்கல்ல வாங்கற மாத்திரைக்கு வர்ற வெட்கம் ஜாஸ்தி. எனக்கு இது விளங்கவே இல்லை.

நாட்டுல 2015-16ல எடுத்த தேசிய மனநல சர்வேயில, மனநோய் உள்ளவங்கள்ல சிகிச்சைக்கே போகாதவங்க நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம்னு வந்துச்சு. எங்க கிளையில வாராக்கடன் அந்த அளவுக்குப் போயிருந்தா ஷட்டரை இறக்கியிருப்பாங்க.

அன்னைக்கு ராத்திரியே அவனுக்குப் போன் பண்ணி டாக்டர் சொன்னதை வரிக்கு வரி சொன்னேன். "நிறுத்தினதை முதல்ல உன் டாக்டர்கிட்ட சொல்லு"ன்னேன். முதல்ல கோவிச்சுக்கிட்டான், நீங்க பயந்தாங்கொள்ளின்னான். (உண்மைதான். அதுக்குத்தானே மாத்திரை.) மறுநாள் அவனே கூப்பிட்டு, டாக்டர்கிட்ட பேசிட்டேன், மறுபடி ஆரம்பிச்சுட்டேன்னான். பெரு டிக்கெட் கேன்சல் பண்ணினதுல பாதிப் பணம் போச்சு. "ஆனா அக்காகிட்ட சொல்லிராதீங்க அத்தான்"னான். அதை நீயே சொல்லுன்னு போனை அவகிட்ட குடுத்துட்டு நான் பால்கனிக்குப் போயிட்டேன். முக்கால் மணி நேரம் பேசினாங்க. முதல்ல அவ அழற சத்தம், அப்புறம் அவனைத் திட்டற சத்தம், அப்புறம் என்னைத் திட்டற சத்தம்.

போன வாரம் மாமியார் வந்தாங்க. மாத்திரை அட்டையை எடுத்து டைனிங் டேபிள்ல ஊறுகாய்க்குப் பக்கத்துல வெச்சேன். பி.பி.க்கு இல்லை அத்தை, மனசுப் பதற்றத்துக்குன்னேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"ன்னு கேட்டாங்க.

பி.கு.: 14416. மத்திய அரசோட டெலி மானஸ் இலவச எண், 2022 அக்டோபர்லேர்ந்து இருக்கு. தமிழ்லயும் பேசலாம். பேரைச் சொல்லக் கூச்சப்படறவங்களுக்குத்தான் இதைப் போடறேன்.