பூவின் விலையைக் கொடுப்பவர் யார்?

மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் பெயர் தந்த மரம் எது என்று பத்தாம் வகுப்பில் வினவினோம். மருதம் என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை சொல்லிற்று. அம்மரத்தைக் கண்ணாற் கண்டவர் எவர் என்றோம். இரண்டு கைகள் மாத்திரம் உயர்ந்தன. காரைதீவுக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் காரைச்செடியைக் கண்டவரோ ஒருவரும் இலர். பின்னர், தத்தம் வீட்டு முற்றத்தில் நிற்பவற்றை எழுதித் தருமாறு பணித்தோம். குரோட்டன் எழுதினர், தரையிற் படர்ந்து மஞ்சட் பூப் பூக்கும் வெடேலியா எழுதினர், நால்வர், சீமெந்துத் தொட்டியில் ஆற்றுவாழை வளர்ப்பதாக எழுதினர். அந்நால்வருள் ஒருவனின் தந்தையாரை வீதியிற் கண்டு காரணம் கேட்டோம். “பூத்தா நல்ல வடிவு சேர்” என்றார். அவர் வயல் செய்கிறவர். அவருடைய வாய்க்காலை அடைப்பதும் அதே ஆற்றுவாழைதான்.

இச்செடி நம் ஆற்றிற் பிறந்ததன்று. தென்னமெரிக்காவின் அமேசன் படுகையைச் சேர்ந்தது. ஊதாப் பூவின் எழிலுக்காகச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே தோட்டத்துக் குளத்தைத் தாண்டிப் பொது நீர்நிலைகளிற் புகுந்தது. அதனை ஒழிப்பதற்கென்றே 1909 இல் குடியேற்ற அரசு தனியொரு கட்டளைச் சட்டம் இயற்ற நேர்ந்தது. யப்பானிய விமானங்களை ஏமாற்றுவதற்காக யுத்த காலத்தில் வெள்ளையர் இதனை நீர்நிலைகளில் விட்டனர் என்றொரு கதை நாட்டில் உலவுகிறது. சிங்களத்தில் இதற்கு யப்பான் பெயரே வழங்குகிறது. யுத்தம் மூள்வதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே ஒழிப்புச் சட்டம் பிறந்துவிட்டதென்றால் அக்கதை எங்ஙனம் நிற்கும்? ஆயினும் அக்கதையை மக்கள் விரும்புவதன் காரணம் விளங்குகிறது. பகைவனின் சூழ்ச்சி என்றால் மனம் ஆறுகிறது. பூத்தொட்டியின் அலட்சியம் என்றால் நம் வாசலையும் பார்க்க வேண்டியதாகிறது.

படித்தவர்களும் இதில் விலக்கல்லர். சல்வீனியா என்னும் மிதக்கும் பூண்டு 1939 இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதியின் வழியாகவே இந்நாட்டினுள் வந்தது. ஆய்வுக்கு வந்த செடி வயலுக்குப் போயிற்று. பிறேசில் நாட்டுக் கூன்வண்டொன்றை அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளின் உதவியோடு 1986 முதல் நீர்நிலைகளில் விட்ட பின்னரே அதன் கொட்டம் சற்று அடங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதனை இடுப்பளவு நீரில் நின்று அள்ளிக் கரையேற்றியவன் தாவரவியல் கற்றவனல்லன்.

இனிக் கிட்டங்கிக்கு வருவோம். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் அத்தாம்போதியைக் கடந்து நாள்தோறும் விவசாயிகளும் ஆசிரியரும் மாணவரும் செல்கின்றனர். மாரி பிறந்தால் வெள்ளம் பாதையின்மேல் ஏறும். அவ்வெள்ளம் விரைவில் வடியாதிருப்பதற்கு ஆற்றை மூடிக்கிடக்கும் ஆற்றுவாழையும் ஒரு காரணம். தக்க நீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இருமடங்காகும் பூண்டு இது. நீரின் முகத்தை மூடுகிறது, கீழுள்ள மீனுக்கு மூச்சு முட்டுகிறது, தோணி நகர மறுக்கிறது, வீச்சுவலை விழ இடமில்லை, நுளம்புக்கோ கொண்டாட்டம். இயந்திரம் கொணர்ந்து அள்ளுகின்றனர், கரையிற் குவிக்கின்றனர், எஞ்சிய துண்டுகளிலிருந்து மறுபடி தழைக்கிறது. சேற்றிற் கிடக்கும் அதன் விதை பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். அள்ளும் செலவு பொதுப்பணம். மீன் இழந்த நாளின் கூலியும், வெள்ளத்தில் இழந்த வேளாண்மையும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

“என் வளவு, என் விருப்பம், வாசலில் எதை நட்டால் ஊருக்கென்ன?” என்பர் சிலர். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் இம்மணற்றிட்டியில், வீட்டோடு வீடு முட்டி நிற்கும் ஊர்களில், ஒருவரின் வளவு எங்கே முடிகிறது? கார்த்திகை மழையில் தொட்டி வழிந்தால் கான். கான் வழிந்தால் தோணா. தோணா கடந்தால் வாவி. மதிலால் மறிக்கக்கூடியது மனிதரை மாத்திரமே.

புலம்பெயர்ந்த நம் நாட்டவர் கண்ட ஒரு செய்தி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவுஸ்திரேலியாவிற் குடியேறிய இலங்கையர், ஊர் நினைவோடு கொல்லையில் பொன்னாங்காணி வளர்த்து வந்தனர். 1990களின் நடுப்பகுதியில் அதிகாரிகள் அதனைப் பரிசோதித்தபோது, பொன்னாங்காணி என்று வளர்க்கப்பட்டவற்றுட் பல உண்மையில் அலிகேட்டர் வீட் என்னும் தென்னமெரிக்கக் களை என்று தெரிந்தது. நீரையும் நிலத்தையும் ஒருங்கே மூடும் கொடிய களை அது. அங்குள்ளோர் வீட்டுக்காரரைத் தண்டிப்பதோடு நின்றுவிடவில்லை. அதற்கு ஈடாக அந்நாட்டுக்கே உரிய, அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கீரையைத் தேடிக் கொடுத்தனர். கறிச்சட்டியைப் பறிக்காமற் களையைப் பறித்தனர் என்று சொல்லலாம். நம் நாட்டு அதிகாரிகள் கண்டு கற்க வேண்டிய முறை இதுவே. இங்கும் அக்களை 1990களின் இறுதியிற் கண்டுபிடிக்கப்பட்டது.

ஓர் எச்சரிக்கை. ‘அந்நியம்’ என்ற சொல்லை நாம் அஞ்சியே எடுக்கிறோம். அச்சொல்லை மனிதர்மேல் எறியும் அரசியலின் காயங்களோடு வாழும் மக்கள் நாம். செடிக்குப் பிறப்புச் சாதி பார்ப்பது எமது நோக்கமன்று. மிளகாயும் பப்பாளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தே வந்தன. அவையின்றி நம் அடுப்பு எரியாது. காத்தான்குடி வீதி நடுவே நிற்கும் பேரீச்சையை எள்ளுவோர் உளர்; அது எவர் வயலையும் மூடவில்லை, ஆகவே அதன்மேல் எமக்கு வழக்கில்லை. எங்கிருந்து வந்தது என்பதன்று, அயலாரை வாழவிடுகிறதா என்பதே கேள்வி.

அப்படியாயின் எதை நடுவது? ஆறு பேர்ச்சு வளவிலும் இடமுண்டு. கிளுவையும் பூவரசும் வேலியாய் நிற்கும். இலை ஆட்டுக்கும் உதவும். முசுட்டை மதிலில் ஏறும். வல்லாரையும் நல்ல பொன்னாங்காணியும் கிணற்றடி ஈரத்திலேயே வளரும். கரையோரத்தார்க்குத் தாழை, புன்னை, அடம்பன்கொடி. 2004 டிசம்பர் 26 இல் அம்பாறைக் கரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அதன் பின்னர் இலங்கைக் கரைகளிற் பலவிடத்துச் சவுக்கு நட்டனர். காற்றைச் சவுக்கு தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் உதிர் இலை மெத்தையாய் மூடிய மணலில் அடம்பனும் இராவணன்மீசையும் தலையெடுப்பதரிது. மணலைப் பிடித்து மேடாக்குவன அவையே. இதனைக் கரைவலைக்காரர் எவரும் சொல்வர். திட்டம் வகுத்தோர் அவர்களைக் கேட்டிருக்கலாம்.

பாடசாலை வளவில் நடுவதற்கு மருதங்கன்று தேடி மூன்று பூங்கன்றுக் கடைகள் ஏறினோம். கிடைக்கவில்லை. “அத ஆரு சேர் வாங்குற?” என்றார் ஒருவர், வெடேலியாவை மலிவாகத் தருவதாகவும் சொன்னார். அன்று வகுப்பிற் கையுயர்த்திய மாணவர் இருவரும் ஆற்றோரத்தில் ஐந்து சிறகுடைய மருதங்காய்களைப் பொறுக்கி வந்தனர். பன்னிரண்டைப் பையிலிட்டோம், நான்கு முளைத்துள்ளன. பெருமரமாகையால் பாடசாலைக்கு ஒன்று போதும். மற்றைய மூன்றும் கேட்போருக்கு.