யானையும் ஓர் அமானிதமே

தாம்பரம் வட்டாரத்துப் பெற்றோர் பிள்ளைகளை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கால் ஒன்றைச் சொல்லிக் கொடுக்கலாம்: ஆடு மாடுகளைப் போல யானை நம் வீட்டு விலங்காக மாறியதில்லை. அதன் கர்ப்ப காலமே ஏறத்தாழ 22 மாதங்கள். கன்று வளர்ந்து பணிக்கு உதவப் பல்லாண்டுகள் ஆகும். எனவே மன்னர்கள் பெரும்பாலும் காட்டு யானைகளைப் பிடித்தே பழக்கினர். சந்திரகுப்த மௌரியர் கிரேக்க மன்னர் செலூக்கசுக்கு 500 போர் யானைகள் வழங்கியதாகப் பண்டைய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அப்ரஹாவின் யானை மக்காவை நோக்கி நடக்க மறுத்து மண்டியிட்ட செய்தியை நாம் நன்கறிவோம். பழக்கப்பட்ட பின்னரும் அதற்கென ஒரு மனம் உண்டு!

கேரளத்திலும் நீலகிரியிலும் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற தந்தமில்லா ஆண் யானையை, 1998-இல் வனக் கால்நடை மருத்துவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி குழுவினர் சுடாமல் உயிருடன் பிடித்தனர். அவர் பெயராலேயே ‘மூர்த்தி’ என அழைக்கப்பட்ட அது, தெப்பக்காடு முகாமில் பாகர்களின் பொறுமையான பராமரிப்பில் சாந்தமான கும்கியாயிற்று.

பிடித்துப் பழக்கிய யானை எளிதில் காட்டுக்குத் திரும்பாது. அதன் உணவும், நோயும், முதுமையும் மனிதன் ஏற்றுக்கொண்ட அமானிதம். இதனைப் பிள்ளைகளின் உள்ளத்தில் பதிய வைப்போமாக!