மதினி கானா போகிறார்!

ஆனைக்குட்டத்தில் எங்கள் எதிர்வீட்டு மதினிக்கு 62 வயது. மகன் கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் வேலை பார்க்கிறான். மருமகளுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. "நீங்க வந்தே ஆகணும்மா" என்று மகன் டிக்கெட் போட்டுவிட்டான். பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

"ஏம்மா, அங்க அரிசி கிடைக்குமா? உளுந்து கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"அது இருக்கட்டும் மதினி. ஊசி போட்டாச்சா?"

"எந்த ஊசி?"

மேற்கு ஆப்பிரிக்கா கிளம்பும் பலரும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். இது நம்மூர் மஞ்சள் காமாலை இல்லை. கொசு பரப்பும் வேறொரு வைரஸ் நோய். ஊசி போட்டு 10 நாள் கழிந்தால்தான் சான்று செல்லுபடியாகும். நாளைக்கு ஃபிளைட், இன்றைக்கு ஊசி என்பதெல்லாம் நடக்காது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் கிடைக்கும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. எந்தெந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் இங்கேயும் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும்.

மதினிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். அரிதுதான், இருந்தாலும் டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டாலோ மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி வேண்டாம் என்று டாக்டர் முடிவெடுத்தால் அதற்கான சான்று எழுதித் தருவார். அதை ஏற்றுக்கொள்வார்களா என்று டெல்லியில் உள்ள கானா தூதரகத்தில் கேட்ட பிறகே கிளம்ப வேண்டும்.

அடுத்தது மலேரியா. இதற்கு ஊர் திரும்பிய பிறகும் பயப்பட வேண்டும்.

என் சித்தி மகன் நைஜீரியாவிலிருந்து லீவில் வந்தான். வந்த பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் டெங்கு டெஸ்ட் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் பேச்சு குழறியது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு டாக்டர்தான், "வெளிநாடு எங்கேயும் போனாரா?" என்று கேட்டார். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஃபால்சிபாரம் மலேரியா! மூளை வரை போகக்கூடிய வகை. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். அதுவரை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அதனால் மதினியிடம் இரண்டு முறை சொன்னேன். கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் மலேரியா தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். அதில் சில வகைகளை ஊர் திரும்பி நாலு வாரம் வரை விழுங்க வேண்டும்; பாதியில் நிறுத்தக் கூடாது. மலேரியா கொசு பொழுது சாய்ந்து விடியும் வரை கடிக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஆபத்து இன்னும் அதிகம், வீட்டில் எல்லோருமே மருந்து தோய்த்த வலைக்குள் படுங்கள். திரும்பி வந்த பிறகு, மாதக்கணக்கு ஆனாலும் சரி, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையே "நான் கானா போய்வந்தேன்" என்பதாக இருக்கட்டும்.

பிறகு பை கட்டும் படலம். பட்டாசு ஆலைக்குச் சோறு கொண்டுபோகும் பையைத்தான் மதினி துவைத்து வைத்திருந்தார். கூடவே கூடாது! ஏர்போர்ட்டில் பையைத் துடைத்து, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று கருவியில் பார்ப்பார்கள். நம் பக்கத்து ஆட்கள் புதுப்பையோடு, ஆலைக்குப் போட்டுப் போகாத உடுப்போடு போவதுதான் நல்லது.

துபாய் வழியாகப் போகிறார் என்பதால் மசாலாப் பொடியில்கூட கசகசா வேண்டாம் என்றேன். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். வெற்றிலையும் வேண்டாம். பிரஷர் மாத்திரையைச் சீட்டோடு, அட்டையோடு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்தவர் கொடுத்தனுப்பும் வலி மாத்திரை எதையும் வாங்கக் கூடாது. டிரமடால் மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்துவது மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய பிரச்னை. சாத்தூர் சேவு தாராளமாகப் போகலாம். பால்கோவா அதிக நாள் தாங்காது.

மதினி முதலில் கேட்ட சோற்றுக் கவலைக்கு வருகிறேன். அரிசி நிறையவே கிடைக்கும். 'வாக்யே' என்று ஒரு சாப்பாடு. அரிசியும் தட்டாம்பயறும் சோளத் தோகை போட்டுச் செக்கச்செவேலென்று வேகவைப்பார்கள். நம் தட்டாம்பயறுச் சோற்றின் சொந்தக்காரன்தான். ஆனால் 'ஷிட்டோ' என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கில் கருவாடும் இறாலும் இருக்கும். மதினி செவ்வாய், வெள்ளி அசைவம் தொடமாட்டார். கேட்டுவிட்டுத் தொட்டுக்கொள்ள வேண்டும். எதையும் இடது கையால் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. அதை மதினிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். மிக்ஸிக்கு வோல்டேஜ் ஒன்றுதான். பிளக் மட்டும் வேறு, அடாப்டர் வேண்டும்.

எல்லாம் கேட்டுக்கொண்டு எழுந்தவர் வாசலில் நின்றார்.

"பேரப்பிள்ளைக்குக் கம்பி மத்தாப்பு ஒரே ஒரு பெட்டி..?"

"ஒரு குச்சிகூடக் கூடாது மதினி!"