அரபுத் தமிழுக்கு ஓர் அச்சுக்கூடம்

இந்த வாரம் கைக்கு வந்த ஒரு விழா மலரைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வழவழப்பான தாள், அழகான அட்டை. உள்ளே பாதி 'கொ'க்கள் உடைந்து, கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் 'கா' அடுத்த வரியின் தொடக்கத்திலும் நிற்கின்றன. இது என் பழைய ஆத்திரம். யூனிகோடு வந்து இத்தனை காலமாகியும் நம் டிடிபி மேசைகளில் பாமினி வகை எழுத்துருக்களை விட்டொழிக்க ஆளில்லை. திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துக் கோவை. கொம்பும் மெய்யும் காலும் சேர்ந்து ஓரெழுத்து என்பது அந்தக் கணினிக்குத் தெரியாது. தோன்றிய இடத்தில் வெட்டும்.

இந்தக் கோபத்தில் இருந்தபோதுதான் மருமகன் முறை வரும் கல்லூரிப் பையன் மடிக்கணினியோடு வந்தான். "மாமா, சீடெக்கை சோர்ஸ்ல இருந்தே கட்டிட்டேன்" என்றான்.

சீடெக்கின் வேர் டெக். 1977இல் தன் நூலின் மறுபதிப்பு மெய்ப்பு அலங்கோலமாக வந்ததைப் பொறுக்காமல் டொனால்டு குனுத் தொடங்கிய அச்சுக்கோப்பு நிரல் அது. அதை யூனிகோடுக்கு ஏற்றபடி 2004இல் ஜொனாதன் கியூ வளர்த்தெடுத்ததுதான் சீடெக். டெக் நிரல்களின் தொகுப்பான டெக் லைவின் மூலநிரலை இறக்கி, அதிலுள்ள பில்ட் ஸ்கிரிப்டை ஓட்டினால் சி, சி பிளஸ் பிளஸ் கம்பைலர்கள் நெடுநேரம் உழைக்கும். ஃபான்ட்கான்ஃபிக் நூலகத்தின் ஹெடர் கோப்புகள் இல்லையென்றால் சீடெக் கட்டப்படாது. எல்லாம் முடிந்தாலும் கையில் கிடைப்பது நிரல்கள் மட்டுமே. மேக்ரோக்கள், எழுத்துருக்கள், சொல் வெட்டும் விதிகள் எல்லாம் தனியே வரவேண்டும். தமிழுக்கு அந்த வெட்டு விதிகளைச் செய்து தந்தவர் கேரளத்தின் சந்தோஷ் தோட்டிங்ஙல். மலர் அச்சடித்தவர்கள் சீடெக்கை ஒருமுறையாவது பயன்படுத்திப் பார்க்கட்டும்.

ஆயத்தமாகக் கிடைப்பதை நிறுவாமல் ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "அரபுத் தமிழ் கோக்கணும் மாமா. குறி எங்கே பிசகுதுன்னு உள்ளே இறங்கிப் பார்க்கணும்ல" என்றான். விழா மலர் அத்தோடு மறந்துபோயிற்று.

எங்கள் கீழக்கரைப் பக்கக் கடற்கரையில் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதி, வலமிருந்து இடமாக வாசித்தார்கள். அதுதான் அரபுத் தமிழ். தமிழ் எழுத்து அறியாத பெண்கள் பலர் இந்த எழுத்தில் சரளமாக ஓதினார்கள். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை ஆலிம் (1816–1898) தம் 'மகானி' நூலை எழுதியது இதில்தான். அரபியில் இல்லாத ப, ட, ண, ங ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளோடு புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளைச் செய்துகொண்டார்கள். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் தனிக் குறி வைத்தார்கள். அரபு நூல்களில் ஸபர், ஸேர், பேஷ் என்னும் உயிர்க்குறிகளை இடாமல் விடுவது வழக்கம். இங்கே அவற்றை விட்டால் தமிழே போய்விடும். எல்லா எழுத்துக்கும் குறி வேண்டும்.

ஈய அச்சுக்கு இது பெரும்பாடு. ஆகவே காத்திபு என்னும் எழுத்தர் கையால் எழுத, கல்லச்சில் ஏற்றினார்கள். அந்தக் காத்திபுகளின் வரிசை அற்றுப்போனதும் புதிய பதிப்புகளும் அருகின. வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எத்தனை புலமை, எத்தனை மார்க்கச் சட்டம், எத்தனை மாலைப் பாடலும் முனாஜாத்து என்னும் வேண்டுதல் பாடலும் அந்த எழுத்துக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன!

விற்பனைக்கு உதவாத எழுத்துக்காக எந்த நிறுவனம் மெனக்கெடும்? மூலநிரல் திறந்திருந்தால் அந்தக் கேள்வியே இல்லை. எகிப்தின் காலித் ஹொஸ்னி, கெய்ரோ பூலாக் அச்சகத்தின் பழைய எழுத்தைப் பின்பற்றி அமீரி எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார். குறிகளை அந்தந்த எழுத்தின்மேல் சரியாக உட்காரவைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைச் சீடெக்குக்குள் கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய உழைப்பின்மேல் நின்றுதான் எங்கள் பையன் தன் முதல் பக்கத்தைக் கோத்தான். இரண்டு இடங்களில் குறி விலகி நிற்கிறது. மற்ற வரிகளைத் தடையில்லாமல் ஓதினேன்.

இப்போது அவனுக்கு வேண்டியது பழைய அரபுத் தமிழ்க் கிதாபுகள், அதாவது நூல்கள். தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பரணைத் தயவுசெய்து பாருங்கள். கிழிந்த கிதாபை மண்ணில் புதைக்கவோ கடலில் விடவோ நினைத்தால், அதற்கு முன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.