சம்பந்தி யசோதை

வன்னியம்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வெகு தூரமில்லை. ஆதலால் பெரியாழ்வார் நமக்கு அயலார் அல்லர். அவர் தமது திருமொழியின் தொடக்கத்தில் யசோதையாகிக் கண்ணனைத் தாலாட்டுகிறார், நீராட்டுகிறார், பூச்சூட்டுகிறார். மூன்றாம் பத்திலோ, கண்ணனுடன் சென்றுவிட்ட பெண்ணின் தாயாகிப் புலம்புகிறார். யசோதை மருமகளைச் சீராட்டுவாளோ? விடியுமுன் எழுந்து தயிர் கடைந்து குழந்தையின் கை காய்த்துப்போகுமோ? பிள்ளை பெற்றவளாய்ப் பாடிய அதே வாய், பெண்ணைக் கொடுத்தவளானதும் அந்த யசோதையையே ஐயுறுகிறது! ஆண்டாளைத் துளசி வனத்தில் கண்டெடுத்து வளர்த்தவர் அல்லவா அவர்?

இதை வகுப்பில் பலமுறை நயம்படச் சொல்லியிருக்கிறோம். சென்ற தையில் நம் மகளை மணம் செய்து கொடுத்தோம். தொலைபேசியில், "சௌக்கியந்தான், அப்பா" என்கிறாள். அந்தத் 'தான்' என்னும் இடைச்சொல் நம்மை உறங்கவிடவில்லை.

22 ஆண்டுகளுக்கு முன், புதுப்பெண்ணாய் வந்து காய்ச்சலோடு மாவாட்டிய நம் இல்லாளை நம் தாயார் கடிந்துகொண்டார். நாம் பத்திரிகையிலிருந்து தலை நிமிரவில்லை. பெண்டிர் விவகாரம் என்று இருந்துவிட்டோம்.

"அன்று உனக்கு எப்படியிருந்தது?" என்று நேற்றிரவு கேட்டோம். அவள் சிறிது நேரம் பேசவில்லை.

"அது கிடக்கட்டும். மாப்பிள்ளைக்குப் பத்திரிகை படிக்கும் வழக்கமுண்டா? மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றாள்.