பூசையில் வைத்த வீணையை எடுப்போம்

நவராத்திரி நாயகியை வரவேற்கப் பினாங்கு மாநகரத்து ஆலயங்கள் திருக்கோலம் பூண்டு நிற்கின்றன. 1833ஆம் ஆண்டு முதல் குயின் வீதியில் கோயில் கொண்டு அருள்பாலிக்கும் ஸ்ரீ மகாமாரியம்மன், விஜயதசமியன்று தேரேறி லிட்டில் இந்தியா வீதிகளில் உலா வரும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். இல்லங்களிலும் கொலுப்படிகள் எழுந்துவிட்டன.

ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூசை. அன்று ஏடுகளையும் இசைக்கருவிகளையும் கலைமகளின் திருமுன் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். மறுநாள் அவற்றை எடுத்துச் சிறிது நேரமேனும் படிக்க வேண்டும், வாசிக்க வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. வைப்பது வழிபாட்டின் ஒரு பாதி, எடுப்பது மறுபாதி. நம்மில் பலர் முதற்பாதியோடு நின்றுவிடுகிறோம்.

நம் இல்லங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு ஆறு ஏழு வயதானதும் பாட்டு வகுப்பில் சேர்க்கிறோம். வயலின், வீணை, மிருதங்கம் என்று விரும்பிய கருவியைத் தமிழகத்திலிருந்து தருவித்துக் கொடுக்கிறோம். பத்தாண்டுகள் வகுப்புக்கு அழைத்துச் சென்று காத்திருந்து கூட்டி வருகிறோம். உற்றார் உறவினரை அழைத்து அரங்கேற்றமும் நடத்துகிறோம். அதன் பிறகு? பல்கலைக்கழகம், வேலை, திருமணம் என்று வாழ்க்கை விரைகிறது. உறையிலிட்ட வீணை அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. ஆண்டுக்கொரு முறை சரஸ்வதி பூசையன்று இறங்கி வந்து குங்குமம் பெற்றுக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது.

இதற்குப் பிள்ளைகளைக் குறை கூறுவது நியாயமன்று. அரங்கேற்றம் என்னும் சொல்லுக்கே அரங்கில் ஏறத் தொடங்குவது என்றுதான் பொருள். ஏறிய பின் தொடர்ந்து பாடுவதற்கு ஓர் அரங்கை நாம் அமைத்துக் கொடுத்தோமா? புகழ்பெற்ற வித்துவான் ஒருவர் சென்னையிலிருந்து வந்தால் பெரிய மண்டபத்தை எடுத்துச் சிறப்புறக் கச்சேரி நடத்துகிறோம். அது வேண்டியதே. ஆயினும், உள்ளூர்க் கலைஞர் ஆண்டுதோறும் பாடி, தவறித் திருந்தி, வளர்ந்து முதிர்வதற்குரிய இடம் அதுவன்று. அதற்கு ஐம்பது அறுபது பேர் அருகமர்ந்து கேட்கும் சிறு மண்டபமும், ஆண்டு தவறாமல் நடைபெறும் ஒரு தொடரும் தேவை. மேலை நாட்டவர் இத்தகைய இசையைச் 'சேம்பர் மியூசிக்' என்று தனியே பெயரிட்டுப் போற்றுகின்றனர். அது நமக்குப் புதியதன்று. ஒலிபெருக்கி வருவதற்கு முன் நம் கச்சேரிகள் பலவும் அவ்வாறே நடந்தன.

நவராத்திரிக்கும் இத்தகைய இசைக்கும் உள்ள உறவை அறிய விரும்புவோர் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி ஆலயத்தை ஒட்டியுள்ள நவராத்திரி மண்டபத்தை நோக்கலாம். கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரஸ்வதி தேவி, இன்று தமிழகத்தின் குமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரத்திலிருந்து ஆண்டுதோறும் அங்கு எழுந்தருளுகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரத்து அம்மனும் உடன் செல்கின்றனர். கலைமகளின் திருமுன் ஒன்பது மாலைகளும் கச்சேரி. திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனைகள் ஒன்பதும் நாளுக்கு ஒன்றாகப் பாடப்படுகின்றன. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, நான்காம் நாள் தோடி, ஒன்பதாம் நாள் ஆரபி என இராகமும் நாளும் வரையறுக்கப்பட்டுள்ளன. அந்தந்த நாளுக்குரிய கீர்த்தனையே அன்றைய கச்சேரியின் நடுநாயகம்.

அம்மண்டபத்தில் கைதட்டல் இல்லை. பாடுவோர் தேவிக்குப் பாடுகின்றனர். நாம் உடனிருந்து கேட்கும் பேறு பெறுகிறோம். இத்தனை கட்டுப்பாடு மிக்க மரபும் காலத்திற்கேற்ப இடம் தந்தது. 2006ஆம் ஆண்டில் பாறசாலை பொன்னம்மாள் அங்கே அமர்ந்து பாடிய முதற்பெண்மணி ஆனார். இசை பயிலும் பெண்மக்கள் பலரைக் கொண்ட நமக்கு இச்செய்தி உவகை தரும்.

அரசர் ஆதரித்த மரபு அது. நம்மால் இயலுமா என்று சிலர் ஐயுறலாம். சென்னையைப் பாருங்கள். திருவல்லிக்கேணியில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா, அவ்வூர்ப் பெருமாளின் திருநாமத்தையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. அரண்மனைகளின் ஆதரவு குன்றிவந்த காலத்தில், இசையன்பர்கள் ஒன்றுகூடிச் சந்தா செலுத்தி இத்தகைய சபாக்களை வளர்த்தனர். இன்று உலகம் வியக்கும் மார்கழி இசை விழா அவர்கள் ஊன்றிய வித்தின் விளைச்சல். சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமென யுனெஸ்கோ 2017ஆம் ஆண்டு ஏற்றது. அதே யுனெஸ்கோ 2008ஆம் ஆண்டு நம் ஜோர்ஜ்டவுனை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பழைய கட்டடங்களைக் காப்பதோடு பாரம்பரியம் நிறைவு பெற்றுவிடுமா? அவற்றினுள் ஒலிக்க வேண்டிய நாதமும் பாரம்பரியம் அன்றோ?

கொடையில் பினாங்குத் தமிழர் யாருக்கும் இளைத்தவர் அல்லர். 1854ஆம் ஆண்டு தண்ணீர்மலையில் தண்டாயுதபாணிக்கு ஆலயம் எழுப்பி, 1894ஆம் ஆண்டு வெள்ளி இரதம் கொணர்ந்தனர் நகரத்தார் பெருமக்கள். 2017ஆம் ஆண்டு முதல் தைப்பூசத்தில் தங்க இரதமும் வலம் வருகிறது. அந்நகரத்தார் குலத்தில் தோன்றிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், சிதம்பரத்தில் இசைக் கல்லூரி நிறுவியதோடு 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமையவும் காரணராக இருந்தார் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். இரதத்திற்குக் கொடுத்த மரபே இசைக்கும் கொடுத்தது.

ஆகவே ஆலய நிர்வாகத்தினரிடமும் உபயதாரர்களிடமும் அடியேன் வைக்கும் விண்ணப்பம் இது. நவராத்திரியின் ஒன்பது மாலைகளிலும், பூசை நிறைவுற்றபின், ஆலயத்தை ஒட்டிய சிறு மண்டபத்தில் இரண்டு மணி நேரக் கச்சேரி ஒன்று நடைபெறட்டும். பாடுவோரும் பக்கம் வாசிப்போரும் பெரும்பாலும் இம்மாநிலத்துப் பிள்ளைகளாகவே இருக்கட்டும். அன்னதானத்திற்கும் மலர் அலங்காரத்திற்கும் உபயம் ஏற்பது போன்று, ஒவ்வொரு மாலைக்கும் 'இசை உபயம்' என ஒரு குடும்பம் பொறுப்பேற்கட்டும். கலைஞருக்குப் பொன்னாடையோடு நிற்காமல் உரிய சன்மானமும் வழங்கப்படட்டும். மண்டபம் சிறியதாகையால் ஒலிபெருக்கியின் ஆரவாரம் வேண்டியதில்லை. ஒருவேளை தேவைப்பட்டாலும், தம்புராவின் சுருதி காதில் விழும் அளவோடு அது அடங்கியிருக்கட்டும்.

ஒன்பதில் ஒரு மாலையை நாதஸ்வரத்திற்கென ஒதுக்க வேண்டுகிறேன். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் நாதஸ்வர, தவில் வித்துவான்களை வரவழைக்கிறோம். அவர்கள் ஆண்டு முழுதும் மணியோசைக்கும் மக்கள் நெரிசலுக்கும் இடையே வாசிக்கின்றனர். ஒரு தோடி ஆலாபனையை முழுமையாகக் கேட்க நாம் ஒருநாளேனும் அவர்கள் முன் அமர்ந்தோமா? அமர்ந்து கேட்டால், நம் ஆலயத்தில் எத்தகைய வித்துவம் இருக்கிறது என்பது அன்று விளங்கும்.

கச்சேரிப் பாடல்கள் நமக்குப் புரிவதில்லை என்பாரும் உளர். அக்குறையில் உண்மை உண்டு. அதற்கு மருந்தும் நம்மிடமே உண்டு. தேவாரம், திருப்புகழ், சீகாழி மூவரான முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரின் கீர்த்தனைகள், கோபாலகிருஷ்ண பாரதியார், பாபநாசம் சிவன் பாடல்கள் என ஒன்பது மாலைக்கு அன்று, ஒன்பது ஆண்டுக்குப் போதும் செல்வம் தமிழில் இருக்கிறது. தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனை பாடப்பெறும்போது அதன் பொருளை இரண்டு வரியில் தமிழில் சொல்லிவிட்டுப் பாடினால் கேட்போர் மனம் ஒன்றிவிடும்.

கூட்டம் வாராதே என்ற அச்சமும் எழலாம். முதலாண்டில் முப்பது பேர் வரலாம். அவர்களுள் பாதிப்பேர் பாடுவோரின் உறவினராகவும் இருக்கலாம். அதனால் என்ன? அம்மனின் திருமுன் பாடுவோர்க்கு முப்பது பேர் குறைவன்று. தேரோட்டத்திற்குத் திரள்வது போன்ற கூட்டத்தை இங்கு எதிர்பார்ப்பது முறையன்று. ஆண்டு தவறாமல் நடந்தால், அடுத்த நவராத்திரிக்கு எதைப் பாடலாம் என்று ஒரு பெண் தன் குருவிடம் கேட்பாள். அந்தக் கேள்வி எழுமாயின் அவள் வீணை அலமாரிக்குச் செல்லாது.

அன்னையின் அருளால் இவ்வாண்டு ஓரிரு மாலைகளேனும் தொடங்கட்டும். விஜயதசமியன்று, பூசையில் வைத்த வீணையை எடுத்து உங்கள் மகளின் கையில் கொடுங்கள். ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி, அவள் அருகே அமர்ந்து கேளுங்கள். கலைமகளின் வழிபாடு அன்று முழுமை பெறும்.