ஓட்ஸ் பேணியும் எமது குரக்கனும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் இப்போதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொக்லேற்றும் பெரியவர்களுக்கு ஓட்ஸ் பேணியும் கொண்டு வருகின்றனர். “காலமை இதைக் காய்ச்சிக் குடியுங்கோ, கொழுப்புக் குறையும்” என்கின்றனர். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஓட்ஸிலுள்ள கரையும் நார் இரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவுகிறது. புரதமும் நல்ல அளவில் உண்டு. ஆனால் அந்தப் பேணி முடிந்த மறுநாள் எமது வீடுகளில் என்ன நடக்கிறது? பழையபடி பாணும் வெறுந்தேநீரும்தான்.

குளிரும் ஈரமும் மிகுந்த ஸ்கொட்லாந்தில், கோதுமை நன்றாக விளையாத நிலங்களில் ஏழைகளைக் காப்பாற்றிய தானியம் ஓட்ஸ். தம் மண்ணில் விளைந்ததையே அவர்கள் காய்ச்சிக் குடித்தனர். வானத்தை நம்பிய எமது தீவு மண்ணுக்கு அந்த இடத்தில் இருப்பது குரக்கன்.

1990 இல் புளியங்கூடலையும் அயலூர்களையும் விட்டு வெளியேறியபோது நாம் திரிகையையும் விட்டுவிட்டுத்தான் போனோம். இடம்பெயர்ந்த இடங்களில் கிடைத்த கோதுமை மாவும் பாணும் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தன. அதை நாம் குறை சொல்லமாட்டோம். ஊருக்குத் திரும்பி இத்தனை ஆண்டுகளான பின்பும் அகதி வாழ்வின் காலைச் சாப்பாட்டையே தொடர்வதுதான் எமக்கு மனவருத்தம்.

100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. ஓட்ஸில் அது 50 அளவில், தீட்டிய அரிசியில் 10 அளவில்தான். புரதத்தில் குரக்கன் ஓட்ஸுக்குப் பின்தான் நிற்கும். அதற்குப் பயறு இருக்கிறது.

காய்ச்சும் முறை பல இளம் தாய்மாருக்குத் தெரியாதிருப்பதால் சொல்கிறோம். ஒரு பேணி குரக்கன் மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டிபடும். கரைத்த தண்ணீரோடு சேர்த்து ஐந்து பேணி தண்ணீர் போதும். அவித்த பயறு ஒரு பிடி போட்டு, மெல்லிய நெருப்பில் கால் மணிநேரம் துழாவுங்கள். அகப்பையில் ஒட்டும் பதத்தில் முதற்பாலை விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். உவர்க்கிணற்றுத் தண்ணீரானால் உப்பே வேண்டாம்! கிண்ணத்தில் வார்த்து, மேலே கதலிப்பழமும் பப்பாசிப்பழமும் வெட்டிப் போடுங்கள். பழமில்லாத நாளில் பனாட்டை மெல்லிய துண்டுகளாக நறுக்கித் தூவலாம். சூட்டில் இளகி நல்ல ருசி தரும். பப்பாசியிலுள்ள உயிர்ச்சத்து சி, தானியத்திலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர உதவும். தேநீரோ அதைத் தடுக்கும். ஆகவே தேநீரை ஒரு மணிநேரம் கழித்துக் குடியுங்கள்.

சலரோகக்காரருக்கு ஒரு வார்த்தை. குரக்கன் என்ற பெயருக்காகப் பனங்கட்டியோடு இரண்டு கிண்ணம் குடித்தால் சீனி ஏறத்தான் செய்யும். அரைக் கிண்ணம், இனிப்பில்லாமல், பயறு கூட.

மாவைக் கடையில் வாங்குவதானால் இதுவும் இன்னொரு ஓட்ஸ் பேணிதான். வளவில் இரண்டு பரப்பு தரிசு கிடந்தால் ஐப்பசி மழைக்கு விதைத்துப் பாருங்கள். மூன்றரை, நான்கு மாதத்தில் கதிர் கொய்யலாம். கிணறு இறைக்கும் செலவில்லை. குருவிக்குத்தான் காவல் இருக்கவேண்டும். அதற்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.